வெள்ளிக்கிழமை போன்

நம் வயதுக்காரர்கள் வாட்ஸாப்பில் ஒரு செய்தியை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். நீங்களும் அனுப்பியிருப்பீர்கள். அந்தக் காலத்தில் எந்த வீட்டுக் கதவும் சாத்தியிருக்காது, யார் வீட்டிலும் சாப்பிடலாம், யார் மடியிலும் தூங்கலாம், தெருவே சேர்ந்து நம்மை வளர்த்தது என்று வரும். கீழே ஒரு ரோஜாப்பூ இருக்கும். போன வாரமும் வந்தது. அனுப்பியவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில்தான் போட்டேன்: "யார் மடியில் என்று சரியாக நினைவிருக்கிறதா?" ஒரு தோழி மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "ஏண்டி, உனக்கு நல்லதா எதுவுமே தோணாதா?" என்று கேட்டாள்.

தோணாது. நான் சந்தேகப் பிராணிதான். மகன் வீட்டில் எனக்கு சி.பி.ஐ. என்று பெயர். பேத்தியை டான்ஸ் கிளாஸில் சேர்க்கப் போனபோது ஃபீஸ் எவ்வளவு என்று மருமகள் கேட்டாள். கிளாஸ் நடக்கும்போது கதவு திறந்திருக்குமா என்று நான் கேட்டேன். அந்த மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. திரும்பி வரும்போது ஆட்டோவில் மருமகள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாவிட்டால் போகிறாள். இந்தக் குணம் எனக்கு எங்கே ஒட்டிக்கொண்டது என்று அவளுக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

எண்பதுகளின் பிற்பாதி. சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பின்னால் எங்கள் தெரு. மழைக்காலத்தில் பாதித் தெரு ஏரியாகவே இருக்கும், தவளைச் சத்தத்தில் ரேடியோ கேட்காது. அப்பா மஸ்கட்டில் ஒரு கட்டுமான கம்பெனியில் சூப்பர்வைசர். அம்மா பாரிமுனைப் பக்கம் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட். காலையில் சானடோரியம் ஸ்டேஷனில் ரயிலேறினால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவாள். நான் நாலாம் வகுப்பு. ஸ்கூல் விட்டு வந்தால் பக்கத்து வீட்டில் சாவி வாங்கி நானே திறந்துகொள்வேன்.

தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் போன் இருந்தது. பி.பி. நம்பர் என்றால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத்தான் புரியாது. சொந்தப் போன் இல்லாதவர்கள் அக்கம்பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்து, கூடவே பி.பி. என்று எழுதிவிடுவார்கள். போன் வந்தால் அந்த வீட்டுக்காரர் ஆள் விட்டுக் கூப்பிடுவார். எங்கள் தெரு முழுக்க அந்த ஒரு நம்பர்தான். கல்யாணப் பத்திரிகையில்கூட அதைத்தான் போட்டார்கள்.

அந்த வீட்டுக்காரரை நாங்கள் போன் மாமா என்போம். பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். குழந்தை இல்லை. யாருக்கு என்ன நேரத்தில் போன் வந்தாலும் முகம் சுளிக்க மாட்டார். தெருவில் அவருக்கு இருந்த மரியாதை கோயில் தர்மகர்த்தாவுக்கு இல்லை. உள்ளறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் கறுப்புப் போன், அதற்குக் குரோஷா பின்னல் உறை. எண் சுற்றும் வட்டத்தில் சின்னதாக ஒரு பூட்டு. அதன் சாவி அவர் பனியனில் ஊக்கு குத்தித் தொங்கும். அறை முழுக்க அந்துருண்டை வாசனை. இப்போதும் பழைய பீரோவைத் திறந்தால் உடனே மூடிவிடுவேன்.

அப்பாவுக்கு அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. அன்றைக்குத்தான் கேம்பிலிருந்து டவுனுக்கு வண்டி போகும், போன் பேச முடியும். மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம். நமக்கு அது வேலை நாள், அம்மா ஆபீசில் இருப்பாள். அதனால் அப்பாவுடன் பேசுகிற வேலை என்னுடையது. வீட்டில் இருக்கிற மனுஷி நான் ஒருத்திதான் என்கிற பெருமையோடு, முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு போய் உட்காருவேன். "அம்மாவ நல்லா பாத்துக்கிறியா? டானிக் குடிக்கிறியா?" அவ்வளவுதான் கேட்பார். அதற்குள் லைன் இரையத் தொடங்கிவிடும். அந்தக் குரலை வைத்துத்தான் அடுத்த மாதம் வரை ஓட்டுவேன்.

போன் மாமா ரிசீவரைச் சும்மா தர மாட்டார். "மாமாவுக்கு என்ன பில்லு?" என்று கன்னத்தைக் காட்டுவார். முத்தம் கொடுத்தால்தான் ரிசீவர். இது ஒன்றும் ரகசியமில்லை. எல்லோர் முன்னாலும் கேட்பார். தெருவே சிரிக்கும். ஞாயிற்றுக்கிழமை தெருவில் பார்த்தாலும் பில்லு கேட்பார். நான் பின்வாங்கினால் அம்மாவே முதுகில் கை வைத்துத் தள்ளுவாள். "குடேண்டி, மாமா ஆசையா கேக்கறாரில்ல? பாவம், புள்ள இல்லாதவர்." பிள்ளை இல்லாதவருக்கு நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்க எனக்கு அப்போது வாய் இல்லை.

பிறகு கதவு. வெளிநாட்டு கால் சன்னமாகத்தான் கேட்கும், ஃபேனை நிறுத்திக் கதவைச் சாத்த வேண்டும் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட நியாயம். யார் பேசினாலும் கதவைச் சாத்துவார்கள். அதனால் நான் பேசும்போது சாத்தினால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. மற்றவர்கள் பேசும்போது மாமா வெளியே வந்துவிடுவார், எனக்கு மட்டும் உள்ளேயே இருப்பார் என்பதையும் யாரும் கவனிக்கவில்லை. வயர் எட்டாது என்று மடியில் உட்காரச் சொல்வார். வயர் நன்றாக எட்டும், நான் பார்த்திருக்கிறேன். அப்பா போனை வைத்த பிறகும் இடுப்பைச் சுற்றிய கை எடுபடாது. எழுந்திருக்கப் பார்த்தால் இறுகும். "இதெல்லாம் வெளில சொன்னா போன் கட்டாயிடும். அப்புறம் அப்பா குரல் வராது, தெரியுமில்ல?" என்பார். அந்த மாசம் அப்பா குரல் வராவிட்டால் நான் என்ன ஆவேன்? வாயைத் திறக்கவில்லை.

அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை. நடக்காமல் எது தடுத்தது என்பதுதான் விஷயம்.

மாமாவின் வீட்டுக்காரியை மாமி என்போம். எப்போதும் ஈரக் கையும் சிடுசிடுத்த முகமுமாக இருப்பாள். ஒருமுறை நான் கேட்டைத் திறக்கப் போனபோது குறுக்கே வந்து நின்று, "போன் வேலை செய்யல. வீட்டுக்குப் போ" என்றாள். உள்ளே மணி அடிக்கிறது, எனக்குக் கேட்கிறது. "அடிக்குதே மாமி" என்றேன். "வேலை செய்யலன்னா செய்யல" என்று தாழ்ப்பாளைப் போட்டாள். அன்று அழுதுகொண்டே வந்து, இரவு அம்மா திரும்பியதும் சொன்னேன். "அவங்களுக்கு நம்ம மேல பொறாமை. மாமாவப் பாத்து எப்படிப் பழகறதுன்னு கத்துக்கணும்" என்றாள் அம்மா. மாமி ஒரு ராட்சசி என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

கொஞ்ச நாளில் எனக்கு வெள்ளிக்கிழமைகளில் வயிறு வலிக்கத் தொடங்கியது. பொய் இல்லை, நிஜமாகவே வலித்தது. பூச்சி என்று விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். கணக்குப் பரீட்சைக்குப் பயப்படுகிறாள் என்று டீச்சர் சொன்னாள். நான் போனுக்குப் போகாத மாதம், தன்மேல் இருக்கிற கோபத்தில்தான் நான் வரவில்லையா என்று அப்பா கடிதத்தில் கேட்டிருந்தார். அம்மா அதைப் படித்துவிட்டு, "அவ்வளவு தூரத்துல கஷ்டப்படற மனுஷன்கிட்ட ரெண்டு வார்த்த பேச உனக்கு வலிக்குதா?" என்றாள். வலிக்கிறது என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பெரியம்மா வந்து சேர்ந்தாள். அம்மாவின் அக்கா. ஊரப்பாக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா சிமெண்ட் மூட்டைக்குக் காவலாக அங்கேயே கொட்டகையில் படுத்துக்கொள்ள, வீடு முடியும் வரை பெரியம்மா எங்களோடு. மேஸ்திரி சிமெண்டைத் திருடுகிறான், பால்காரன் தண்ணீர் கலக்கிறான், கேஸ் சிலிண்டர் எடை குறைவு, எதிர் வீட்டுக்காரி நம் செம்பருத்தியைப் பறிக்கிறாள். அவள் சந்தேகப்படாத ஆள் இல்லை. பாதிக்கு மேல் தப்பு. செம்பருத்தியைப் பறித்தது நான்.

ஐஸ்காரருக்கு நடந்தது அநியாயம். ஸ்கூல் வாசலிலிருந்து தெருமுனை வரை தள்ளுவண்டியில் சேமியா ஐஸ் விற்பார். உடைந்த ஐஸைப் பிள்ளைகளுக்குச் சும்மா கொடுப்பார். பெரியம்மா நேரே போய் வண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்குய்யா சும்மா குடுக்கற?"

"இன்னாம்மா கேள்வி இது? ஒடஞ்சு கீது, யாரும் வாங்கமாட்டாங்கோ. உருகிப் போறத கொயந்திங்க தின்னட்டுமேன்னு குடுக்கறேன்."

"சும்மா குடுக்கறவன எனக்குப் பிடிக்காது. இனிமே இந்தப் பக்கம் வண்டி வரக்கூடாது."

"சரிதாம்மா, நாளைலேர்ந்து வரல. ஊருல வேற தெருவா இல்ல" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அப்புறம் வரவே இல்லை. தெருப் பிள்ளைகள் எல்லோரும் என்னோடு டூ விட்டார்கள். பெரியம்மாவோடு நான் டூ விட்டேன். அவளுக்கு அது தெரியவே இல்லை.

அடுத்த போன் வெள்ளிக்கிழமை. நான் ஸ்கூல் விட்டு வந்ததும் பாயில் சுருண்டுகொண்டேன். பெரியம்மா முறத்தில் முருங்கைக்கீரையைக் கொட்டி ஆய்ந்துகொண்டிருந்தாள். முதலில் என்மேல்தான் சந்தேகம். "ஏண்டி, நேத்து நல்லா இருந்த, நாளைக்கும் நல்லா இருப்ப. வெள்ளிக்கிழமை மட்டும் வலிக்கிற வயிறு எந்த ஊரு வயிறு?" என்றாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். அவள் ஒரு கொத்துக் கீரையை உருவி முறத்தில் போட்டாள். பிறகு வேறு குரலில் கேட்டாள்.

"உங்கிட்ட யாராச்சும் எதையாச்சும் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்களா?"

யார் என்ன செய்தார்கள் என்று கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு அதற்கு வார்த்தை கிடையாது. இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் இருந்தது.

"சொன்னா போன் கட்டாயிடும்" என்றேன்.

"ஆகட்டும். ஊருல வேற போனே இல்லையா? நீ சொல்லு."

சொன்னேன். கதவு, வயர், மடி, எடுபடாத கை. பெரியம்மாவின் விரல்கள் நடுவில் ஒருமுறை நின்றன, மறுபடி ஆயத் தொடங்கின. கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"நீ ஒரு தப்பும் பண்ணல. புடிக்கலன்னா யாருக்கும் முத்தம் குடுக்க வேணாம். எவ்வளோ பெரிய மனுஷனா இருந்தாலும் வேணாம். எனக்கும்தான்." பிறகு கன்னத்தை நீட்டி, "எங்க, பெரியம்மாவுக்கு ஒண்ணு குடு" என்றாள்.

நான் யோசித்தேன். ஐஸ்காரர் ஞாபகம் வந்தது. "மாட்டேன்" என்றேன்.

"அப்படித்தான். கெட்டிக்காரி" என்று எழுந்து, கீரை முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "வா, அப்பாகிட்ட பேசிட்டு வரலாம்."

போன் வீட்டில் அவள் உள்ளறை நிலைப்படியிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். முதுகு ஒரு பக்க நிலையில், நீட்டிய முறம் மறுபக்கத்தில். கதவு அசைய வழியில்லை. மணி அடித்தது. மாமா ரிசீவரை எடுத்துக்கொண்டே, "கொஞ்சம் நகருங்கம்மா, கதவைச் சாத்தணும். ஃபாரின் கால், சத்தம் கேக்காது" என்றார்.

"கேக்கலன்னா கத்திப் பேசட்டும் சார். அப்பனும் பொண்ணும் பேசறதுல என்ன ரகசியம்? தெருவே கேக்கட்டும்."

"நீங்க இங்க உக்காந்தா எப்படி..."

"கீரை மீதி இருக்குதே சார்."

அன்று நான் நின்றுகொண்டுதான் பேசினேன். வயர் எட்டியது. அடுக்களை வாசலில் மாமி நின்று பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். அந்த வீட்டில் எங்களுக்கு மாமி கையால் கிடைத்தது அது ஒன்றுதான்.

இரவு அம்மா ரயிலிறங்கி வரும்போதே மாமா தெருமுனையில் காத்திருந்திருக்கிறார். தன்னை அவமானப்படுத்திவிட்டதாகவும், இனி அந்த நம்பரை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உனக்கு யாரத்தான்க்கா புடிக்கும்? மேஸ்திரிய திருடன்ன. அந்த ஐஸ்காரன் பொழப்புல மண்ணப் போட்ட. இப்ப தெருவே கையெடுத்துக் கும்பிடற மனுஷன சந்தேகப்படறியா? இவ அப்பா குரல் மாசத்துக்கு ஒருவாட்டி வருது, அதுவும் உனக்குப் பொறுக்கலயா?"

பெரியம்மா நான் சொன்னதைத் தணிந்த குரலில் சொன்னாள். அம்மா நம்பவில்லை. நம்ப முடியாமல் என்னைப் பிடித்து இழுத்து நிறுத்தி, "உண்மையச் சொல்லு, பெரியம்மா சொல்லிக் குடுத்தாளா?" என்று கேட்டாள். பெரியம்மா அம்மாவின் கையை விலக்கினாள்.

"அவள நிக்க வெச்சு விசாரிக்காத. நான் சொல்றது பொய்யாவே இருக்கட்டும். கதவத் தொறந்து வெச்சா தப்பு பண்ணாதவனுக்கு என்னடி நஷ்டம்? அவருக்கு ஏன் இவ்வளோ கோவம் வருது?"

அப்பாவின் குரலை இழக்க அம்மாவுக்கு மனசில்லை. அடுத்த போன் வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு வந்தாள். தட்டில் வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் வைத்தாள். ஒரு கையில் தட்டு, இன்னொரு கையில் நான். மாமாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனோம். பெரியம்மா எங்கள் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் மாமி. கை ஈரம். தாழ்ப்பாளில் கை வைத்தாள், திறக்கவில்லை.

"போன் வேலை செய்யல" என்றாள்.

"நான் போனுக்கு வரல மாமி. அக்கா ஏதோ தெரியாம..."

உள்ளே மணி அடித்தது. அம்மா மாமியைப் பார்த்தாள். மாமி கண்ணை எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"வேலை செய்யலம்மா" என்றாள் மாமி மறுபடி.

"எப்ப மாமி சரியாகும்?" என்றாள் அம்மா.

"இனிமே ஆகாது. கொழந்தைய இங்க அனுப்பாத."

மணி நின்றது. உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது. "யாரு கேட்டுல? குழந்தையா? சீக்கிரம் வரச் சொல்லு, அவ அப்பா லைன்ல இருக்கார்."

அப்பா லைனில் இருந்தார். பத்தடி தூரத்தில், அந்த முக்காலிமேல் இருந்தார். அம்மாவின் உடம்பு ஒரு தடவை முன்னால் சாய்ந்தது. எனக்குத் தெரியும், என் கை அவள் கையில் இருந்தது. பிறகு தட்டைக் காம்பவுண்டு சுவர்மேல் வைத்துவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டாள். நாலாம் வகுப்புப் பிள்ளை, என் கால் அவள் முழங்கால் வரை தொங்குகிறது. அப்படியே தூக்கிக்கொண்டு வீடு வரை வந்தாள். வழியெல்லாம் அழுதாள். நான் அப்பவே சொன்னேன் என்று பெரியம்மா சொல்லவில்லை. அவள் அப்படிச் சொல்லாமல் விட்டது அந்த ஒருமுறைதான்.

மாமியை நான் ராட்சசி என்று நினைத்தது தப்பு. அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுத்தான் அவள் என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். இப்படி நினைத்து மனசை ஆற்றிக்கொள்ளப் பார்க்கிறேன், முழுசாக ஆறவில்லை. எத்தனை பிள்ளைகளுக்கு அவள் தாழ்ப்பாள் போட்டாள்? எனக்கு முன்னால் யாருக்குப் போடாமல் விட்டாள்? கட்டின புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? அவள் காத்தது என்னையா, வீட்டு மானத்தையா? அவள் இப்போது இல்லை. உயிரோடு இருந்திருந்தாலும் போய்க் கேட்டிருப்பேனா என்பதும் சந்தேகம்தான்.

பெரியம்மா வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். யாரும் நம்பவில்லை. ஐஸ்காரர் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். அந்த மனிதரை அவள் விரட்டாமல் இருந்திருந்தால் இன்னும் நாலு பேர் காது கொடுத்திருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் ஒன்று: சிரித்தவர்கள் யாரும் அதற்கப்புறம் பிள்ளைகளைத் தனியாகப் போனுக்கு அனுப்பவில்லை. மாமாவுக்குக் கும்பிடு மட்டும் குறையவில்லை. அவர் சாவுக்குத் தெருவே திரண்டு போனது என்று கேள்விப்பட்டேன்.

அப்பாவின் குரல் இல்லாமல் பல மாதங்கள் போயின. கடிதம் வரும். கடிதத்தில் குரல் வராது. ஊரப்பாக்கம் வீடு முடிந்து பெரியம்மா கிளம்ப வேண்டிய நேரத்தில் ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் ஒரு எஸ்.டி.டி. பூத் திறந்தார்கள். மஞ்சள் போர்டு. உள்ளே நாலு பக்கமும் கண்ணாடி வைத்த சின்னக் கூண்டு, ஒரு ஆள் நிற்க இடம். ஒரு அக்கா மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா அவளையும் சந்தேகமாக விசாரித்தாள். கூண்டைச் சுற்றி வந்து நாலு பக்கமும் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். அப்புறம்தான் வெளியிலிருந்து வருகிற காலுக்கு அந்த நம்பரைத் தரலாமா என்று கேட்டாள். அம்மா அதை அப்பாவுக்கு எழுதினாள்.

அப்பா பதிலில் எழுதியிருந்த வெள்ளிக்கிழமை பெரியம்மாதான் என்னைக் கூட்டிப் போனாள். மணி அடித்தது. அக்கா கையைக் காட்டினாள். நான் கூண்டுக்குள் போய், கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு ரிசீவரை எடுத்தேன். ரோட்டில் பஸ் ஹாரன், ரயில் சத்தம்.

"அப்பா" என்றேன்.

"கண்ணு. எப்படிம்மா இருக்க? ஒண்ணுமே கேக்கல, ஒரே இரைச்சல். பக்கத்துல கதவு இருக்கா? கதவைச் சாத்திக்கோ."

எனக்குக் கை வரவில்லை. கைப்பிடியைத் தொட்டபடி நின்றேன். வயிறு வலித்தது. கண்ணாடிக்கு வெளியே பெரியம்மா நின்றுகொண்டிருந்தாள். கதவைச் சாத்தினால் நாங்கள் பேசுவது அவளுக்குக் கேட்காது, ஆனால் என்னை உச்சி முதல் கால் வரை தெரியும். அவள் என் கையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். நான் இங்கேதான் நிற்கிறேன் என்பதுபோலக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, சாத்திக்கோ என்று தலையாட்டினாள்.

சாத்தினேன். அப்பா பேசியது ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.